கடை ஊழியருக்கு ஒரு மணி நேரப் பாடம்



நம் மளிகைக் கடைகளிலும் மண்டிகளிலும் மூட்டை இறக்குபவர், பொட்டலம் கட்டுபவர், வீடுகளுக்குச் சரக்கு கொண்டு கொடுப்பவர் என இன்று பலரும் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு காலத்தில் இந்த இடங்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். நம்மில் எத்தனையோ பேர் அப்படி வந்தவர்கள்தாம். கடையிலேயே படுத்து எழுந்து, முதலாளியிடம் சிட்டை எழுதப் பழகி, பின்னர் தனிக்கடை கண்டோம்.

ஆனால் நமக்கிருந்த ஒரு வசதி இவர்களுக்கு இல்லை. நாம் பிழைக்க வந்த ஊரின் பேச்சும் எழுத்தும் நம்முடையவை. இவர்களுக்கோ பஸ்ஸின் பெயர்ப்பலகை முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை எல்லாம் புரியாத எழுத்து. கேட்டுக் கேட்டு நாலு தமிழ்ச் சொல் பேசப் பழகினாலும் வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் சரக்குப் பட்டியலைப் படிக்க முடிவதில்லை. ஐந்தாறு வருடம் உழைத்த பிறகும் மூட்டை தூக்கும் வேலையிலேயே நிற்கிறார்கள்.

இதனால் நமக்கும் நஷ்டம் உண்டு. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்யான வீடியோக்கள் பரவின. அரசு மறுத்தும் பலர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். சுற்றியுள்ளவர்களோடு பேசவும், உள்ளூர்ச் செய்தியைப் படிக்கவும் தெரிந்தவரை இத்தகைய வதந்தி அவ்வளவு எளிதில் அசைத்துவிடாது.

அண்டை மாநிலமான கேரளம் இதற்கு ஒரு வழி கண்டது. அங்குள்ள மாநில எழுத்தறிவு இயக்கம் 2017-இல் 'சங்ஙாதி' என்ற திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கியது. சங்ஙாதி என்றால் தோழன். ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வெளி மாநிலத்தவர் நிறைந்த ஊர் அது. அவர்களுக்கென்றே 'ஹமாரி மலையாளம்' என்ற பாடநூலைத் தயாரித்து, மலையாளம் எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். வளர்ந்தவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று சொல்வோரும் உண்டு. 1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கம் அதைப் பொய்யாக்கியது. கல்குவாரியில் உழைத்த பெண்களும் அதில் எழுத்தோடு சைக்கிளும் கற்றதை நாடறியும்.

எழுதப் படிக்கத் தெரியாத 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022 முதல் 2027 வரை என வகுக்கப்பட்ட புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் இருக்கிறது. எழுத்து, கணக்கு மட்டுமின்றிப் பணத்தைக் கையாளும் அறிவும் அதன் பாடங்களில் ஒன்று. தன்னார்வலர்களே கற்பிக்கிறார்கள். ஆனால் எந்த வகுப்பானாலும் மாலை ஏழு மணிக்கு வைத்தால் நம் கடை ஊழியர் எப்படிப் போவார்? நமக்கு வியாபாரம் சூடு பிடிப்பதே அப்போதுதானே!

ஆகவே வகுப்புதான் நம் நேரத்துக்கு வர வேண்டும். மளிகைக் கடையில் மதியம் இரண்டு முதல் நான்கு வரை கூட்டம் குறைவு. காய்கறி மண்டிகளில் காலையோடு பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் விட்டுக் கொடுத்தால் போதும். சங்கக் கட்டடங்கள் பெரும்பாலும் மதியத்தில் பூட்டியே கிடக்கின்றன. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை அணுகினால் மறுக்கமாட்டார்.

பாடத்தை நம் சரக்கிலிருந்தே தொடங்கலாம். உளுந்து, துவரம்பருப்பு, சீரகம் என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் படிப்பது முதல் பாடம். பாக்கெட்டில் உள்ள காலாவதித் தேதி, பில், பற்று வரவு அடுத்தது. தன் சம்பளக் கணக்கைத் தானே சரிபார்ப்பது, பாஸ் புத்தகம் பார்ப்பது, ரகசிய எண் கேட்டு வரும் போன் மோசடிக்கு ஏமாறாமல் இருப்பது ஆகியவையும் கட்டாயம் வேண்டும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' முறையில் சொந்த மாநில அட்டையைக் கொண்டே இங்கும் ரேஷன் அரிசி பெறலாம் என்பதையும் சொல்லித் தர வேண்டும்.

"படிப்புச் சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான்" என்று சிலர் கேட்கலாம். போடலாம்தான். நாம் மட்டும் என்ன செய்தோம்? நமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த முதலாளிகள் அப்படி நினைத்திருந்தால் நம்மில் பாதிப் பேர் இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்க மாட்டோம். படித்தவர்களில் சிலர் போவார்கள், சிலர் நம் கடையிலேயே பொறுப்பாளராக உயர்வார்கள். நம் பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்ட இந்நாளில் கடையை நம்பி ஒப்படைக்க ஆள் வேண்டாமா?

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைத்துப் பேசும்படி கிளைச் சங்க நிர்வாகிகளை வேண்டுகிறோம். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு வகுப்பு நடத்திவிடலாம். கரும்பலகையும் சாக்பீஸும் வாங்க ஆகும் செலவு நமக்குப் பெரிதல்ல.