பல்லை அடைச்சாச்சு... அந்த நீல மருந்தை ஏன் வைக்கலை?

“அந்த நீல மருந்தையே வைக்கலடி. அவசரத்துல மறந்துட்டாங்க போல.”

பல் டாக்டரிடம் போய்வந்த மூன்றாம் நாள் அம்மா இப்படி ஆரம்பித்தார். ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தை ஒரு வாய் குடித்ததும் ‘சுரீர்’ என்று இழுத்திருக்கிறது. கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். கொடுத்த 1,500 ரூபாயும் வீண் என்பது அவர் தீர்ப்பு.

அம்மா சும்மா குறை சொல்லவில்லை, ஒப்பிட ஆதாரம் வைத்திருந்தார். நான்கு வருடங்களுக்கு முன்பு வேறொரு க்ளினிக்கில் ஒரு பல்லை அடைத்தபோது, ஊசியில்லாத சிரிஞ்சிலிருந்து நீல நிற ஜெல்லை வைத்தார்கள். கொஞ்ச நேரம் விட்டு, தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். பிறகுதான் பசை, லைட், ஃபில்லிங் எல்லாம். இந்த முறை ஜெல்லும் இல்லை, கழுவலும் இல்லை. சின்ன பிரஷ்ஷால் ஏதோ தடவித் தேய்த்து, காற்றை ஊதி, லைட் அடித்து அனுப்பிவிட்டார்கள். “சோப்பு போடாம துணி அலசின மாதிரி இருக்கு. திரும்பப் போய் பிரிச்சுட்டு, நீல மருந்து வெச்சு அடைக்கச் சொல்லப்போறேன்” என்றார்.

நல்லா இருக்கிற ஃபில்லிங்கைப் பிரித்தால் அதோடு கொஞ்சம் பல்லும் போகும். அதனால், போவதற்கு முன் நான் விசாரித்துச் சொல்கிறேன் என்று நிறுத்திவைத்தேன். எனக்கும் இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. கல்லூரி நாள்களில் அடைத்த என் கடைவாய்ப்பல் ஃபில்லிங், நான்கே மாதத்தில் பரோட்டாவோடு வந்துவிட்டது.

பல்லைப் பார்க்க ஒரே பொருளாகத்தான் தெரிகிறது. ஆனால், அது இரண்டு வேறு பொருள்கள் சேர்ந்தது. மேலே எனாமல். எடையில் சுமார் 96 சதவிகிதம் தாதுதான். கிட்டத்தட்ட கல். உள்ளே டென்டின். அதில் தாது 70 சதவிகிதம்தான், மீதி கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். டென்டின் முழுக்க நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 20,000. நரம்பை நெருங்க நெருங்க 45,000 வரை. ஒவ்வொன்றுக்குள்ளும் திரவம். குளிர்ச்சி பட்டால் அந்தத் திரவம் அசைகிறது, உள்ளே இருக்கும் நரம்பு முனை அதை வலியாகச் சொல்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பிரான்ஸ்ட்ராம் 1960-களில் கூச்சத்துக்குக் கொடுத்த விளக்கம் இது. இன்றைக்கும் மருத்துவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு காலத்தில் ஃபில்லிங்கை ஒட்டவைக்கவே இல்லை, திணித்தார்கள். எங்கள் தெருவில் இருக்கும் சொல்தா தாத்தா, பல் அடைப்பதை இன்னும் ‘ப்ளோம்பாஜ்’ என்றுதான் சொல்வார். பிரெஞ்சில் ‘ப்ளோம்’ என்றால் ஈயம். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பியர் ஃபோஷார், 1728-ல் பாரிஸில் வெளியிட்ட புத்தகத்தில் சொத்தைக் குழியை வெள்ளீயம், ஈயம், தங்கம் வைத்து அடைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஈயம் போய்விட்டது, வார்த்தை மட்டும் நம் ஊர் வரை வந்து தங்கிவிட்டது. பின்னால் வந்த வெள்ளி நிற அமால்கமும் தானாக ஒட்டாது. வாய் குறுகலாக, அடி அகலமாகக் குடைந்து, நல்ல பல்லையும் கொஞ்சம் இழந்து, கழன்று வராதபடி பூட்டி வைக்க வேண்டும்.

இதை மாற்றியவர் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் இருந்த மைக்கேல் புவோனகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதைப் பல்லில் செய்தால் என்ன என்று யோசித்தார். 1955-ல் 85 சதவிகித அமிலத்தை 30 விநாடி எனாமலில் வைத்துக் கழுவி, அதன்மேல் அக்ரிலிக் துளியை ஒட்டிப் பார்த்தார். அமிலம் படாத பல்லில் சீக்கிரமே விழுந்தது, பட்ட பல்லில் வாரக்கணக்கில் நின்றது. அமிலம் எனாமலை அரித்து, கண்ணுக்குத் தெரியாத பொத்தல்களை உண்டாக்குகிறது. பசை அதற்குள் ஓடி இறுகிக்கொள்கிறது. அம்மா சொல்லும் நீல மருந்து இதுதான். இப்போது பெரும்பாலும் 37 சதவிகிதம்.

எனாமலோடு நின்றிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். டென்டினில்தான் சிக்கல். டிரில் செய்ததும் அதன்மேல் பல் மாவு ஒரு படலமாகப் படிந்து குழாய் வாய்களை மூடியிருக்கும். நீல ஜெல் அந்தப் படலத்தைக் கழுவி எடுத்துவிடும், குழாய்களைத் திறந்துவிடும், மேல்பகுதித் தாதுவைக் கரைத்து கொலாஜன் நார்களை அம்மணமாக விட்டுவிடும். இந்த நார்களுக்கு நடுவே பசை புகுந்து இறுக வேண்டும். தண்ணீருக்குள் தலைமுடி எப்படித் தனித்தனியாக மிதக்கிறது, வெளியே வந்ததும் எப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது! கொலாஜனும் அப்படித்தான். கழுவிய பிறகு காற்று அதிகமாக ஊதினால் நார்கள் படுத்துவிடும், பசைக்கு வழி இருக்காது. ஈரம் அதிகமாக விட்டாலும் பசை சரியாக இறுகாது. பசை போய்ச் சேராத இடத்தில் திரவம் அசைந்துகொண்டே இருக்கும். அடைத்த பிறகும் பல் கூச இது ஒரு முக்கியக் காரணம்.

அம்மாவின் டாக்டர் பயன்படுத்தியது ‘செல்ஃப் எட்ச்’ வகை. அரிக்கும் அமிலமும் ஒட்டும் பசையும் ஒரே மூலக்கூறில் இருக்கும். தனியாகக் கழுவ எதுவும் இல்லை. அரித்துக்கொண்டு போகிற அதே மூலக்கூறு அங்கேயே தங்கி இறுகுவதால், அரித்த ஆழமும் பசை போன ஆழமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. பல் மாவை அகற்றாமல் அதற்குள்ளேயே ஊடுருவிச் சேர்த்துக்கொள்ளும். குழாய் வாய்களும் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

இதில் புகழ்பெற்ற மூலக்கூறு 10-எம்.டி.பி. உருவாக்கியது ஜப்பானின் குராரே நிறுவனம். 1926-ல் குராஷிகி என்ற ஊரில் ரேயான் துணி இழை செய்வதற்காகத் தொடங்கப்பட்ட கம்பெனி அது. நூல் கம்பெனிக்குப் பல்லில் என்ன வேலை என்று எனக்கும் தோன்றியது! இந்த மூலக்கூறுக்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் கை பல்லின் கால்சியத்தைப் பிடிக்கும். மறுகை, லைட் அடித்ததும் ஃபில்லிங் பசையோடு கோத்துக்கொள்ளும். நடுவே 10 கார்பன் நீளத்துக்கு ஒரு சங்கிலி. கால்சியத்தோடு சேர்ந்து உருவாகும் உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால் பிடி நிலைக்கிறது. பொத்தலில் மாட்டிக்கொண்டு நிற்பது ஒன்று, வேதியியலாகப் பிடித்து நிற்பது இன்னொன்று. இதில் இரண்டும் உண்டு.

இங்கேதான் அம்மாவின் திட்டம் அடிபடுகிறது. ‘பாதுகாப்புக்கு ரெண்டையும் வெச்சுடட்டுமே’ என்று டென்டின் மேல் நீல ஜெல்லை வைத்தால், எம்.டி.பி. பிடிக்க வேண்டிய கால்சியத்தையே அது கரைத்துக் கொண்டுபோய்விடும். கை நீட்டி வரும்போது பிடிமானக் கம்பியைக் கழற்றின மாதிரி.

அதற்காக செல்ஃப் எட்ச் எல்லாவற்றிலும் கெட்டி என்றும் சொல்ல முடியாது. எனாமல் அதற்குப் பலவீனமான இடம். மென்மையான வகைகளின் பி.ஹெச். அளவு 2-ஐ ஒட்டியது. கல் மாதிரியான எனாமலில் அது ஆழமாகப் பொத்தல் போடாது. எனவே பல டாக்டர்கள் குழியின் எனாமல் விளிம்பில் மட்டும் நீல ஜெல்லை வைத்துக் கழுவிவிட்டு, பிறகு முழுக்க செல்ஃப் எட்ச் தடவுகிறார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில், ஈறோரம் தேய்ந்த பற்களில் வைத்த 100 ஃபில்லிங்குகளை 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். பயன்படுத்தியது இரண்டு பாட்டில் கொண்ட எம்.டி.பி. பசை. எனாமல் விளிம்பில் ஜெல் வைத்தவை, வைக்காதவை இரண்டிலும் பெரும்பாலானவை விழவே இல்லை. வைக்காதவற்றில் எனாமல் ஓரத்தில் சின்னச் சின்னக் குறைகள் கூடுதலாக இருந்தன, அவ்வளவுதான்.

‘செல்ஃப் எட்ச் போட்டால் கூச்சமே வராது’ என்ற விளம்பரப் பேச்சையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இரண்டு முறைக்கும் நடுவில் கூச்சத்தில் பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை. தடவுகிற கைதான் முக்கியம். சும்மா பூசினால் போதாது, பல வகைகளில் சுமார் 20 விநாடி தேய்த்துத் தடவச் சொல்கிறார்கள். அமிலம் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும் என்பதால் பசையிலேயே தண்ணீர் கலந்திருக்கும். வேலை முடிந்ததும் காற்று ஊதி அதை ஓட்ட வேண்டும். ஒரே பாட்டில் வகையில் இதை அவசரமாகச் செய்தால், தங்கிப்போன தண்ணீர் வருடக்கணக்கில் பிடியை அரிக்கும். பாட்டில் மூடியைத் திறந்தே வைத்தால் கரைப்பான் ஆவியாகிவிடும். சிலவற்றை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கரன்ட் போகிற நம் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை!

நோயாளி தரப்பிலும் தப்பு நடக்கும். அந்த நேரத்தில் எச்சில் பட்டால் பிடி போச்சு. என் பரோட்டா ஃபில்லிங் எப்படிப் போனது என்று இப்போது ஓரளவு புரிகிறது. டாக்டர் ஒருபக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தார், நான் வாயை மூடி எச்சிலை விழுங்கிக்கொண்டேன். இருவரும் பங்குதாரர்கள்.

இன்னொன்று. பற்களை வெண்மையாக்கும் ப்ளீச்சிங் செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதன்பிறகு ஒன்றிரண்டு வாரங்கள் பசை சரியாகப் பிடிக்காது. அடைத்த பின் சில நாள் லேசான கூச்சம் சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் குறையாவிட்டாலோ, ராத்திரியில் தானாக வலித்தாலோ காத்திருக்கக் கூடாது. செலவுக்கு யோசிப்பவர்களுக்கு கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நேரம் ஆகும், ஒரு வேளையை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லி, பிரிக்க அல்ல, காட்ட மட்டும் என்ற ஒப்பந்தத்தோடு அழைத்துப்போனேன். அழுத்தித் தேய்த்துத் தேய்த்து ஈறோரம் பள்ளமான பல் அது, ஏறக்குறைய லூவனில் சோதித்த அதே வகை. டாக்டரம்மா அடைத்த பல்லின் மேல் காற்றை ஊதினார். அம்மா அசையவில்லை. பக்கத்துப் பல்லில் ஊதினார். அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அதிலும் அதே பள்ளம், அது இன்னும் அடைக்கப்படாதது.

“இதுக்காவது அந்த நீல மருந்து உண்டாம்மா?” என்று கேட்டார் அம்மா.

“ஓரத்துல மட்டும் கொஞ்சம் வைக்கிறேம்மா. முதல்ல அந்தக் கெட்டி பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா.