முகாம் அறிவிப்பும் ரசிகரின் ஐயமும்



அஸர் தொழுகைக்குப் பின் மானாம்பதி ஏரியின் காய்ந்த பகுதியில் பந்து விளையாடும் இளைஞர்களுள் பெரும்பாலோர் நம் மக்தபில் ஓதியவர்கள். அவர்களுள் நாலைந்து பேர் சென்னையின் எஃப்.சி. அணியின் நீலச் சட்டையைத் துவைத்துத் துவைத்து நிறம் மங்கும்வரை அணிபவர்கள். சில ஆண்டுகளுக்கு முன், லீக் தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், அவர்களுள் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். வீரர்கள் ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், ஒருவரையொருவர் தட்டிக்கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு வேறுவிதமாக இருக்கும் என்று பின்னணியில் ஒரு குரல் உறுதியளிக்கிறது. பிள்ளைகள் மகிழ்வார்கள் என்று எண்ணினோம். அவர்களோ சிரித்தார்கள்.

"ஆகஸ்ட் மாசத்துல எப்பவும் நாங்கதான் சாம்பியன், ஹஜ்ரத்" என்றார் ஒருவர்.

அன்று நாம் அவர்களைக் கண்டித்தோம். உழைப்பவர்களைப் பற்றித் தீய ஊகம் கொள்ளலாகாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தை நினைவூட்டினோம். பிள்ளைகள் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் அவர்களுள் மூத்தவர், மரியாதை குறையாமல், ஒரு கணக்கை நம்முன் வைத்தார்.

2015இல் பாதி லீக் கடந்த பின்னும் அட்டவணையின் அடித்தட்டில் கிடந்த அணி அது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்க, சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் ஆடியது. டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் 90ஆம் நிமிடம் நெருங்கும்வரை பின்தங்கியிருந்து, 3-2 என்று கோப்பையை வென்றது. மறு ஆண்டு, நடப்பு வெற்றியாளர் என்னும் பெருமையுடன் முகாமுக்குப் போன அதே அணி எட்டு அணிகளுள் ஏழாவதாக வந்தது. 2018 மார்ச்சில் பெங்களூருவை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தி மீண்டும் கோப்பை. அடுத்த லீக்கில் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். 2019-20இல் பாதி வழியில் பயிற்சியாளர் மாறினார். புதிதாக வந்த ஓவன் காயிலுக்கென்று பருவத்திற்கு முந்திய முகாம் எதுவும் வாய்க்கவில்லை. ஆயினும் அவர் அந்த அணியை இறுதி ஆட்டம்வரை அழைத்துச் சென்றார்.

"இதில் எந்த வருஷம் முகாமைப் பார்த்து முடிவைச் சொல்லியிருக்க முடியும், ஹஜ்ரத்?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

கேரளத்து அணியின் கதை இன்னும் கூர்மையானது. 2024இல் கேரளா பிளாஸ்டர்ஸ் தாய்லாந்தில் முகாமிட்டுத் திரும்பியது. ஆகஸ்ட் முதல் நாள் டூரண்ட் கோப்பை ஆட்டத்தில் மும்பை சிட்டியை 8-0 என்று வென்றது. எட்டுக் கோல்! மும்பை தன் முதன்மை அணியை அனுப்பவில்லை என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. அப்பயிற்சியாளர் டிசம்பரிலேயே நீக்கப்பட்டார். லீக்கில் அவர்களுக்குக் கிடைத்தது எட்டாம் இடம். எட்டு கோலுக்கு எட்டாம் இடம் என்று நம் பிள்ளைகள் கேலி செய்தார்கள். அதே லீக்கில் தங்கள் அணி பதினொன்றாவதாக வந்ததையும் அவர்களே சேர்த்துச் சொன்னார்கள் என்பதை நேர்மைக்காக இங்குக் குறிப்பிடுகிறோம்.

முகாம் வீண் என்பதன்று இதன் பொருள். ஓய்விலிருந்து வந்த உடலை மெல்ல மெல்ல ஓட்டத்துக்குப் பழக்குவதும், புதியவர்களைப் பழையவர்களோடு இணைப்பதும், எவரை எங்கே நிறுத்தலாம் என்று பயிற்சியாளர் சோதித்துப் பார்ப்பதுமே அதன் வேலை. பயிற்சி ஆட்டத்தில் இடைவேளையின்போது பதினொருவரையும் மாற்றிவிடுவதுண்டு. எதிரணியும் அன்று தன் கால்களைத் தட்டிப் பார்க்கத்தான் வந்திருக்கும். அடித்தளம் தோண்டும் வேலை அது. தோண்டிய பள்ளத்தைப் படமெடுத்து, வீடு கட்டியாயிற்று என்று அறிவிப்பதைத்தான் ரசிகர் ஐயுறுகிறார். வீரரை அவர் ஐயுறவில்லை. ஐயுற்றிருந்தால், மானாம்பதியிலிருந்து உத்திரமேரூர், செங்கல்பட்டு என்று பேருந்து மாறி மாறி, இரவு ஏழரை மணி ஆட்டத்துக்கு நேரு விளையாட்டரங்கம் போவாரா? ஆட்டம் முடிந்து ஊர் திரும்பப் பேருந்து கிடைக்காமல் செங்கல்பட்டில் விழித்திருந்து, ஃபஜ்ருக்குப் பள்ளிவாசலில் வந்து நிற்பவர்களைக் கண்டிருக்கிறோம். (தூங்கிவிட்டவர்களையும் கண்டிருக்கிறோம்.)

நாம் 12ஆம் வசனத்தைச் சொன்னோம். அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறது என்பதை அன்று மறந்திருந்தோம். அவ்வசனம் தீயவன் கொண்டுவரும் செய்தியைப் பற்றியது. கிளப்காரர்களை அச்சொல்லால் குறிக்கிறோம் என்று எவரும் கொள்ள வேண்டாம். மனிதரின் உள்ளத்தைத் துருவுவது வேறு, அவர் சொன்ன செய்தியை உரசிப் பார்ப்பது வேறு. பிள்ளைகள் செய்தது இரண்டாவது. நாம்தான் இரண்டையும் குழப்பிக்கொண்டோம்.

அந்தக் குழப்பத்தின் விலை பின்னர் ஒரு கோடை விடுமுறையில் நமக்கு விளங்கிற்று. கால்பந்துப் பயிற்சி முகாம் ஒன்றின் துண்டறிக்கை ஊருக்குள் வந்தது. ஒரு மாதப் பயிற்சி, பெரிய கிளப்பின் தேர்வுக்கு வழி, இடங்கள் சில மட்டுமே. ஒரு தாயார், மகனுக்காக நகையை அடகு வைக்கலாமா என்று நம்மிடம் ஆலோசனை கேட்க வந்தார். துஆச் செய்து அனுப்பிவைக்கும் மனநிலையில்தான் இருந்தோம். திடலில் இருந்த அந்த மூத்த பிள்ளைதான் துண்டறிக்கையை வாங்கிப் படித்துவிட்டு, அதிலிருந்த எண்ணுக்குப் பேசினார். பயிற்சியாளரிடம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'டி' உரிமமாவது உண்டா? எந்த கிளப், அங்கே யாரிடம் விசாரிக்கலாம்? போன ஆண்டு முகாமிலிருந்து தேர்வானவர் யார்? மூன்று கேள்விகளுக்கும் நேரான பதில் வரவில்லை. நகை வீட்டிலேயே இருந்தது. அந்தச் சிறுவன் இரண்டு நாள் நம்மிடம் பேசவில்லை. அவனுடைய ஆசை பொய்யன்று என்பதால், அந்த மௌனம் நமக்கு வலித்தது. இப்போது அவன் திடலில் மூத்தவர்களோடு ஆடுகிறான்.

2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் ஐ.எஸ்.எல். போட்டிகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் பணிகளை இடைநிறுத்தியது. பெங்களூரு கிளப் முதன்மை அணியின் சம்பளத்தையே நிறுத்திவைத்தது. வழக்கமாகக் காணொளி வரும் அந்த மாதத்தில் கைப்பேசியில் ஒன்றும் வரவில்லை. கேலி செய்ய எதுவும் இல்லாத பிள்ளைகள் திடலில் சோர்ந்து அமர்ந்திருந்தார்கள். "பொய்யாவது சொல்லட்டும், ஹஜ்ரத்" என்றார் ஒருவர். சிரிப்பு வரவில்லை. வீரர்களின் வீடுகளிலும் அடுப்பு எரிய வேண்டுமல்லவா?

இதை எழுதும் நமக்கும் இதில் பங்குண்டு. ஆண்டுதோறும் மே மாதம் நாமும் தீனிய்யாத் முகாம் நடத்துகிறோம். சுவரொட்டியில் "உங்கள் பிள்ளையின் வாழ்வை மாற்றும் 30 நாட்கள்" என்று அச்சிட்டவர்கள் நாமே. முதல் நாள் கூட்டத்தைப் படமெடுத்து ஊர்க் குழுவில் பகிர்ந்தோம். கடைசி நாள் படம் எடுக்கவில்லை. இம்முறை சுவரொட்டி அச்சகத்துக்குப் போவதற்கு முன், திடலிலிருந்து வந்த அந்த மூத்த பிள்ளையிடம் காட்டினோம். நிதானமாகப் படித்தார்.

"போன வருஷம் எத்தனை பேர் முழுசா முடிச்சாங்க, ஹஜ்ரத்?"

பாதிக்கும் குறைவு என்றோம். அந்த வரியை அடித்துவிட்டு, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஓதித்தரும் சூராக்களின் பெயர்கள், ஓதித்தருபவர் யார் என்பவற்றை மட்டும் அவர் கையாலேயே எழுதச் சொல்லி அச்சகத்துக்கு அனுப்பினோம்.