சரீரம் ஒன்று, கல்லறை இரண்டு

டிசம்பர் வந்துவிட்டால் நம் சபைகளின் பாடகர் குழுக்களுக்கு ஓய்வே கிடையாது. கீத பவனி, கீத ஆராதனை, பக்கத்துச் சேகரங்களின் அழைப்பு என்று மாதம் முழுக்க மேடைதான். இப்போதெல்லாம் பல குழுக்கள் அந்த மாதம் முழுவதற்கும் ஒரே கருப்பொருளை வைத்துக்கொள்கின்றன. சமாதானம், ஒளி, ஒற்றுமை என்று ஏதாவது ஒன்று. பாட்டுகள், வேத வாசிப்பு, பேனர், சீருடை நிறம் வரை எல்லாமே அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான்.

கருப்பொருள் வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அந்தச் சொல்லை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், யாரை வெளியே நிறுத்திவிட்டு அதைப் பாடுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நான் களப்பணி செய்யும் பகுதியில் உள்ள ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டு பாடகர் குழுவின் கருப்பொருள் ‘ஒரே சரீரம்’. காலனியில் இருக்கும் கிளைச் சபையின் இளைஞர்கள் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு போனார்கள். பறையோடு பாட ஐந்து நிமிடம் கேட்டார்கள். கிடைத்த பதில்: “இந்த வருஷக் கருப்பொருளே ஒற்றுமை. இதில் ஏன் தம்பி சாதியைக் கொண்டுவருகிறீர்கள்?” அந்தப் பிள்ளைகள் பாட்டில் சாதியின் பெயர் ஒன்றுகூட இல்லை. பறை மட்டும்தான் இருந்தது. அதே சபையில் கல்லறைத் தோட்டம் இரண்டு. சரீரம் ஒன்று என்று பாடுகிறவர்கள் செத்த பிறகு அந்தச் சரீரத்தைத் தனித்தனியாகத்தான் புதைக்கிறார்கள்.

தோழர்களே, இந்த முரணைக் கவனியுங்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் அல்லாதவர்களைப் பட்டியல் சாதியினர் என்று ஏற்க மறுத்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்தத் தடை விலகியது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் இன்னும் விலகவில்லை. அதை எதிர்த்து ஒவ்வொரு ஆகஸ்ட் 10 அன்றும் சபைகள் கறுப்பு நாள் அனுசரிக்கின்றன. “மதம் மாறியும் சாதி எங்களை விடவில்லை” என்று அரசிடம் சொல்கின்றன. சரியான வாதம். நானும் அந்தக் கூட்டங்களில் நின்றிருக்கிறேன். ஆனால் ஆகஸ்டில் சாதி இருக்கிறது என்று அரசிடம் சொல்லும் சபை, டிசம்பரில் சாதி இல்லை என்று தன் காலனிப் பிள்ளைகளிடம் சொல்கிறது. இரண்டில் எது உண்மை?

இது இன்று முளைத்த நோயும் அல்ல. தமிழ்க் கிறிஸ்தவ இசையின் பெரும் பெயர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளை இன்றும் நம் சபைகள் பாடுகின்றன. சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க மிஷனரிகள் முயன்றபோது, சாதி ஆசாரத்தைக் காப்பாற்ற எழுதியவரும் அவரே. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வேறுபாடுகளை உடனே கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வேதத்தை விட்டாலும் விடுவோம், வரிசையை விடமாட்டோம் என்ற மனநிலை அது. அந்த வரிசை இன்று பாடகர் குழுவின் வரிசையில் நிற்கிறது.

“தரம்தான் அளவுகோல், சாதி பார்ப்பதில்லை” என்பார்கள். இடஒதுக்கீட்டு விவாதத்தில் நாம் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே தகுதி வாதம். மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்க வகுப்பு வேண்டும், வீட்டில் கீபோர்டு வேண்டும், மாலையில் வேலைக்குப் போகாத பிள்ளைப்பருவம் வேண்டும். இதெல்லாம் யாருக்கு வாய்த்தது என்று பார்க்காமல் குரல் தேர்வு நடத்துவது நடுநிலை ஆகாது.

பறை விஷயத்தில் நமக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. சாவு வீட்டில் கட்டாய ஊழியமாகச் சுமத்தப்பட்டதால் அதை வீசி எறிந்த தாத்தாக்கள் இருக்கிறார்கள். அதையே விடுதலைக் கருவியாக எடுத்துக் கட்டிய பேரன் பேத்திகளும் இருக்கிறார்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள்தான். சேகரக் கமிட்டி அல்ல.

வேறு வழி இல்லாமல் இல்லை. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோஃபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டுக் கட்டியவர், கிராமிய மெட்டிலேயே ஆராதனை முறையை உருவாக்கினார். பயிற்சி இல்லாதவர்களும் பாட வேண்டும், தேவைப்பட்டால் மாற்றிப் பாட வேண்டும் என்பது அவர் எண்ணம். ‘ஒரு உலை’ என்பது அவர் வலியுறுத்திய கருத்து. எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு. சாதி எங்கே உயிர் வாழ்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சபைக்கு வெளியேயும் பாருங்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறை மேடை ஏறியது. பண்டிதர் அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். அவர்களுக்கும் கருப்பொருள் ஒன்றுதான், சாதி ஒழிப்பு. கானாவும் பறையும் ராப்பும் ஒரே மேடையில் ஒலித்தன. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை என்று பெயர் சொல்லியே பாடினார்கள். 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. சபாக்களின் மாதம் என்றிருந்த மார்கழியில் நம் ஆட்களும் பாடினார்கள். ஒற்றுமை என்ற சொல் அங்கே மறைக்கும் துணியாக இருக்கவில்லை.

சபைகளில் வளரும் தம்பி தங்கைகளே, வரும் டிசம்பருக்கு ஒத்திகை தொடங்கும் முன்பே கேளுங்கள். கருப்பொருளை முடிவு செய்த அறையில் காலனியிலிருந்து யார் இருந்தார்கள்? தனிப்பாடல் யாருக்கு? ஒத்திகை ஒருநாளாவது கிளைச் சபையில் நடக்குமா? கீத பவனி நம் தெருவுக்கு வந்தால் நம் வீட்டுத் தேநீரைக் குடிப்பார்களா?

பதில் சொல்லாமல் மழுப்பினால், அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருக்காதீர்கள். தெருவில் உலை ஏற்றுங்கள். அங்கேயே பாடுங்கள். பாட வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பாடட்டும். கல்லறைச் சுவர் இடியும் நாளில் ‘ஒரே சரீரம்’ என்று நாமும் சேர்ந்து பாடுவோம்.

ஜெய் பீம்!