நிலுவை வழக்கு தீர்ப்பாகுமா?

ஒரு வழக்கு முடிவதற்குள் இன்னொரு வழக்கு. அது விசாரணைக்கு வருவதற்குள் மூன்றாவது. இப்படிச் சிக்கியவரைப் பற்றி நம் மஹல்லாக்களில் எழும் பேச்சு ஒன்றுதான்: “ஒரு வழக்கென்றால் பொய் வழக்கு எனலாம், இத்தனையுமா பொய்யாக இருக்கும்?” பெண்ணாடத்திலும் இதைக் கேட்கலாம், சிதம்பரத்திலும் கேட்கலாம். நீதிமன்றம் இன்னும் சொல்லாத தீர்ப்பைப் பள்ளிவாசல் திண்ணையில் நாமே சொல்லிவிடுகிறோம்.

எண்ணிக்கை எப்படிக் கூடுகிறது என்பதற்கு அண்மைச் சான்று பத்திரிகையாளர் முஹம்மது ஸுபைர். 2018இல் இட்ட ஒரு ட்விட்டர் பதிவுக்காக 2022 ஜூன் 27 அன்று டெல்லி காவல்துறை அவரைக் கைது செய்தது. உத்தரப் பிரதேசத்தின் பல மாவட்டங்களில் ஆறு வழக்குகள் அவர்மீது இருந்தன. சீதாபூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை கொடுத்தும் அவர் வெளியே வர முடியவில்லை. லக்கிம்பூர் வழக்கு காத்திருந்தது. ஜூலை 20 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா வழக்குகளிலும் சேர்த்துப் பிணை வழங்கி, மாநில அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் கலைத்த பிறகே அவர் வீடு திரும்பினார். வழக்குகளை எண்ணியவர்களுக்கு அவர் பெருங்குற்றவாளி. படித்துப் பார்த்தவர்களுக்கு அவை பெரும்பாலும் சில சமூக ஊடகப் பதிவுகள்.

அப்துல் நாசர் மஃதனியின் கதை நமக்கு இன்னும் அருகில் நடந்தது. 58 உயிர்களைப் பறித்த 1998 கோவைக் குண்டுவெடிப்பு மன்னிக்க முடியாத கொடுமை. அதில் தொடர்பு என்று கைதான அவர், ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பிணையின்றிச் சிறையில் கழித்தபின் 2007 ஆகஸ்ட் 1 அன்று விடுதலை செய்யப்பட்டார். மூன்றே ஆண்டுகளில், 2010 ஆகஸ்டில், பெங்களூரு வழக்கில் மீண்டும் கைது. 2014இல் பிணை கிடைத்தும் பெங்களூருவை விட்டு வெளியேறத் தடை. சொந்த ஊரில் தங்க அனுமதி 2023இல்தான் வந்தது. இரண்டாவது வழக்கின் உண்மையை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். முதல் வழக்கில் நிரபராதி எனத் தீர்ப்பு வந்தபின்னும் அந்த ஒன்பது ஆண்டுகள் அவர்மீது கறையாகவே பேசப்பட்டனவே, அது எந்த நீதி?

சட்டமே இப்போது எண்ணிக்கையின் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரைப் பிணையில் விடச் சொல்கிறது. முன்பு தண்டனையே பெறாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். நல்ல செய்திதான். ஆனால் அதன் இரண்டாம் உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களிலோ வழக்குகளிலோ விசாரணை நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்கிறது. ஒரு முதல் தகவல் அறிக்கையில் ஒரே பிரிவை மட்டும் எழுதும் காவல் நிலையத்தை நீங்கள் பார்த்ததுண்டா? வழக்கமான பிணை மனுவுக்கு வழி உண்டு என்பது உண்மை; அதற்கு வழக்கறிஞர் வேண்டும், பணம் வேண்டும், ஜாமீன்தாரர் வேண்டும். இவையில்லாத ஏழைக்காக வைத்த கதவைத்தான் அந்த உட்பிரிவு சாத்துகிறது. தமிழ்நாட்டில் இதற்கு மேல் குண்டர் சட்டமும் இருக்கிறது; 1982ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி, தீர்ப்பாகாத வழக்குகளைப் பட்டியலிட்டே ஒருவரை ஓராண்டு வரை அடைத்துவைக்கலாம்.

முந்தைய வழக்குகளை மட்டுமே காரணம் காட்டிப் பிணையை மறுக்கலாகாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பின் பிணையை ரத்துசெய்யக் கேட்டவர் ஒரு மௌலானா, ஆமிர் ரஷாதி. அவர் தோற்றார். தோற்ற வழக்கில் பிறந்த அந்த நெறியும் நமக்கு உரியதே. நீதி நமக்கு எதிராக வரும்போதும் நீதிதான்.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்தது. குற்றமற்றவர் என்பதற்கு அதுவே சான்று. அது தெரிந்தும் சிறைக்கு அனுப்பினார்கள். பல ஆண்டுகள் கழித்து அரசன் அழைத்தபோது அவர்கள் உடனே வெளியேறவில்லை. கைகளை அறுத்துக்கொண்ட பெண்களின் விவகாரத்தை முதலில் விசாரிக்கக் கேட்டார்கள். விடுதலையைவிட வழக்கின் உண்மை வெளிவருவதைப் பெரிதாகக் கருதினார்கள். இந்த ஸூராவை ஓதும் நாம், வழக்கு நிலுவையில் உள்ளவரின் மகளுக்கு வந்த வரனைத் தடுத்துவிட்டு, ஊகத்தைத் தவிர்க்கச் சொல்லும் அல்ஹுஜுராத்தைப் பற்றி பயானும் கேட்கிறோம்.

குற்றம் செய்தவரை மறைக்கச் சொல்லவில்லை. நிரூபணமானால் தண்டனை பெறட்டும். பாதிக்கப்பட்டவர் இந்துவோ முஸ்லிமோ, அவருக்குரிய ஹக்கு அது. அதுவரை அந்தக் குடும்பம் நம் பொறுப்பு. பெண்ணாடத்துப் பெண் ஒருத்திக்குத் திட்டக்குடியில் ஒரு வாய்தா, விருத்தாசலத்தில் ஒரு வாய்தா, கணவர் அடைபட்டிருப்பதோ கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பிணையில் வந்தாலும் வளைகுடாவில் விட்டுவந்த வேலைக்குத் திரும்பப் பாஸ்போர்ட் வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதியின்றி அது கிடைக்காது. இரண்டு நீதிமன்றம் என்றால் இரண்டு அனுமதி. பேருந்துக் கட்டணத்திலிருந்து வழக்கறிஞர் கட்டணம் வரை யார் தருவது? கந்தூரிக்கும் மினாராவுக்கும் வசூல் செய்யத் தெரிந்த ஜமாஅத்துகள், மஹல்லாவில் யார்மீது என்ன வழக்கு, எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா என்றைக்கு என்று ஒரு பதிவேடு வைக்கட்டும். வரும் ஜும்ஆவுக்குப் பிறகே தொடங்கலாம். வாய்தா நாளில் நிர்வாகத்திலிருந்து ஒருவராவது அந்தப் பெண்ணுடன் நீதிமன்றம் போகட்டும்.