மேல் வீட்டு பாத்ரூம் ஒழுகுது... செலவு யார் தலையில்?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் ஆகட்டும், நாமக்கல் ஆகட்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பார்க்கிங்குக்கு அடுத்தபடி சண்டை மூட்டுவது பைப்தான். கீழ் வீட்டு சீலிங்கில் தண்ணீர் சொட்டும். மேல் வீட்டுக்காரர், "எங்க வீட்ல எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்பார். சங்கமோ, "அது உங்க ரெண்டு பேர் பிரச்சினை" என்று ஒதுங்கிக்கொள்ளும். இதில் யார் சொல்வது சரி? எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை சில மணி நேரம் மூடிப் பார்க்கலாம். சொட்டு நின்றால், அந்த வீட்டின் சப்ளை லைனில் கசிவு இருக்கலாம். யாராவது குளிக்கும்போது மட்டும் சொட்டினால், தரையிலுள்ள டிராப், கழிவுக் குழாய் அல்லது டைல்ஸ் இடுக்குதான் காரணமாக இருக்கும். கலர் கலந்த தண்ணீரை ஊற்றினால் உறுதியாகிவிடும். மேல் வீடு பூட்டிக் கிடந்தும் ஒழுகுகிறதா? அப்போது எல்லா மாடிக்கும் பொதுவாகச் செல்லும் குழாயையும் சந்தேகிக்க வேண்டும். போர்வெல் உப்புத் தண்ணியை நம்பியுள்ள இடங்களில் குழாய்க்குள் உப்புப் படிகிறதா என்பதையும் பிளம்பரிடம் கேட்பது நல்லது.

யார் பொறுப்பு?

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), தண்ணீர், கழிவுநீருக்கான மைய அமைப்புகள், தொட்டி, மோட்டார் ஆகியவற்றைப் பொதுப் பகுதியாகவே சொல்கிறது. எனவே பொதுக் குழாய் பழுதென்றால் செலவு எல்லோருக்கும்தான். சங்கம் ஒதுங்க முடியாது. ஒரு வீட்டுக்கு மட்டும் பயன்படும் குழாய் என்றால் பொதுவாக அந்த உரிமையாளர் பொறுப்பு. வாடகைக்கு விட்டிருந்தாலும் பேச வேண்டியது அவரிடம்தான்.

புதிய கட்டடமா? ரெராவின் 14-வது பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரக் குறைபாட்டைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பல சங்கங்கள் இந்தக் கெடுவைக் கோட்டை விட்டுவிடுகின்றன.

பேசியும் தீரவில்லை என்றால்?

போட்டோ, தேதி, பிளம்பர் எழுதித் தந்த குறிப்பு ஆகியவற்றோடு சங்கத்துக்கு எழுத்துபூர்வமாகப் புகார் கொடுக்க வேண்டும். வாய்ப்பேச்சு பின்னால் ஆதாரமாக நிற்பது கஷ்டம். அடுத்த படி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்கு போடும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேச அங்கே வழி உண்டு. லோக் அதாலத்தில் சமரசமானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

கோபத்தில் மேல் வீட்டுத் தண்ணீரை நிறுத்துவது மட்டும் வேண்டாம். நியாயம் கீழ் வீட்டுக்காரர் பக்கம் இருந்தாலும், புகார் அவர் மீதே திரும்பிவிடும். மேல் வீட்டுக்காரரும் அரை மணி நேரம் கதவைத் திறந்து பிளம்பரைப் பார்க்க விடலாம். ஒழுகும் தண்ணீர் கான்கிரீட் கம்பியை அரித்தால், பலவீனமாவது இருவருக்கும் நடுவிலுள்ள அதே தளம்தான்.