15 விபத்து நடக்கலாம்னு கணக்கு... ஆனாலும் ஏன் பறக்க விட்டாங்க?

2018 அக்டோபரில் லயன் ஏர் விமானம் இந்தோனேசியக் கடலில் விழுந்து 189 பேர் பலி. போயிங் 737 மேக்ஸின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளும் எம்சிஏஎஸ் சாஃப்ட்வேர், ஒரே ஒரு சென்சாரை மட்டும் நம்பியது. அது தப்பாகக் காட்டியது.

உடனே தடை போட்டாங்களா? இல்லை. கோளாறைச் சரிசெய்யாவிட்டால், இந்த ரக விமானங்களின் ஆயுட்காலத்தில் சுமார் 15 விபத்துகள் நடக்கலாம் என அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே அந்த டிசம்பரில் கணக்கிட்டது. ஆனாலும், பைலட்டுகளை எச்சரித்தாச்சு, திருத்தம் வரும்வரை பறக்கலாம் என விட்டுவிட்டது.

2019 மார்ச் 10: எத்தியோப்பியாவில் 157 பேர் பலி. மறுநாளே சீனா தடை போட்டது. அமெரிக்கா 13ஆம் தேதிதான்.

2020 நவம்பரில் மீண்டும் அனுமதி. முக்கிய மாற்றம் என்ன தெரியுமா? விமானத்தில் முதலிலிருந்தே இருந்த இரண்டாவது சென்சாரையும் சாஃப்ட்வேர் இப்போது பார்க்கிறது.