மின்னும் படைக்கலங்கள்

தகடூர் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அங்கே படைக்கலக் கொட்டிலைக் கண்டு சொன்னதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். பீலி சூட்டி, நெய் பூசி, காவலிட்டுப் பேணிய வேல்களைப் புகழ்வதுபோல் புகழ்ந்துவிட்டு, தம் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் அம்மூதாட்டி. மின்னுகிற ஆயுதம் போர் காணாத ஆயுதம் என்பது அதன் உட்பொருள். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. இம்மண்ணின் பிள்ளைகள் இன்று கைப்பேசியிலும் வெள்ளித்திரையிலும் காண்பதோ மின்னுகிற ஆயுதங்களை மட்டுமே.

சுபுஹுத் தொழுகை முடிந்து திரும்பும் வேளையில், பென்னாகரம் சாலையிலும் அரூர், பாலக்கோடு பக்கங்களிலும் ஓடிக்கொண்டிருக்கும் இளைஞர்களை நாம் பார்க்கிறோம். படையில் சேர உடலைப் பழக்குகிறவர்கள் அவர்கள். 2022இல் வந்த அக்னிபத் திட்டம் பதினேழரை வயதிலேயே வாயிலைத் திறந்துவிட்டது. நான்காண்டுப் பணி, அதன்பின் நால்வரில் மூவருக்காவது வீடுதான். மழையை நம்பிப் பிழைக்கும் மாவட்டம் இது. ஓடுகிறவனை நாம் குறை சொல்ல மாட்டோம். ஓடிக் களைத்தவன் திண்ணையில் அமர்ந்ததும் எதைக் கையில் எடுக்கிறான் என்பதே நம் மனத்தாங்கல்.

"விளையாட்டுத்தானே! இதனால் எவன் கொலைகாரன் ஆனான்?" என்கிறார்கள். ஆகிவிடுவான் என்று நாமும் சொல்லவில்லை. ஆயுதம் பிடிக்கக் கற்பிப்பது படைப்பயிற்சியின் வேலை. அதற்குத் திரை வேண்டியதில்லை. திரை செய்யும் கேடு வேறு. மெய்ப்போரைக் காணுமுன்பே ஒரு பொய்ப்போரை அது அவன் நெஞ்சில் குடியேற்றிவிடுகிறது. பிறகு களத்தில் கை நடுங்கினால், போரின் இயல்பே அது என்று அவனுக்குத் தோன்றுவதில்லை. தான் கோழை என்றே தோன்றுகிறது.

அமெரிக்க மரீன் படையில் குறிபார்த்துச் சுடுபவராக இருந்த ஆண்டனி ஸ்வோஃபர்ட் 2003இல் தம் நினைவுகளை நூலாக்கினார். 1990 ஆகஸ்டில், வளைகுடாவுக்குப் புறப்படுமுன், அவரது பிரிவினர் வியட்நாம் போர்ப் படங்களை வாடகைக்கு எடுத்து நாட்கணக்கில் பார்த்தார்களாம். போரைப் பழிப்பதற்கென்றே எடுத்த படங்களையும் ஆரவாரித்து ரசித்தார்களாம். பாலைவனத்தில் அவர்களுக்குக் கிடைத்ததோ மாதக்கணக்கான காத்திருப்பு, எரியும் எண்ணெய்க் கிணறுகளின் புகை, கருகிய உடல்கள். ஒருவரையும் சுடாமல் ஊர் திரும்பியதை ஒரு குறையாகவே அவர் உணர்ந்தார். ஓர் உயிரைப் பறிக்காததற்காக ஒரு மனிதனை ஏங்க வைத்தது எது என்று நாம் கேட்கிறோம்.

தொலைதூரம் போவானேன்? 2020 ஜூன் 15 இரவு, லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் மாண்டனர். துப்பாக்கி வெடிக்காத மோதல் அது. கல்லும் இரும்புத் தடியும் உறைபனி ஆறும் அவர்களைக் கொன்றன. இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அவர்களில் ஒருவர். அவ்வாண்டு செப்டம்பர் 2ஆம் நாள் அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்தது. பிள்ளைகளின் உள்ளத்தைக் கருதியன்று. தகவல் பாதுகாப்பைக் கருதி! இரண்டே நாளில் 'ஃபௌஜி' என்ற உள்நாட்டு விளையாட்டு வருவதாக இந்தி நடிகர் அக்ஷய் குமார் அறிவித்தார். 2021 குடியரசு நாளில் அது வெளிவந்தது. அதன் முதற்களமே கல்வான்தான். அங்கே அடிபட்ட வீரன் தீமூட்டத்தருகே சற்றே அமர்ந்தால் போதும், உயிர்வலிமை திரும்பிவிடுகிறது. கடுக்கலூரில் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை யார் விளக்குவது? வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு வீரர் குடும்ப நிதிக்கு என்றார்கள். கொடுக்கட்டும், நல்லது. ஈரம் உலராத மரணத்தை ஆட்டமாக்கியதற்கு அது ஈடாகுமா?

முந்தைய ஐந்தாண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டதாக 2022 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. குடும்பக் கவலை, கடன், பணிச்சுமை என்று காரணங்கள் பல இருக்கும். எல்லாவற்றையும் திரையின் தலையில் கட்ட நாம் முனையவில்லை. ஆனால் நெஞ்சில் உள்ளதைச் சொல்ல நினைப்பவனுக்குக் கேட்கும் செவி வேண்டுமன்றோ? அந்தச் செவியையும் திரை அடைத்துவிட்டது. அவன் பார்த்த அதே படங்களைத்தான் தந்தையும் தம்பியும் பார்த்திருக்கிறார்கள்.

விடுப்பில் வரும் பிள்ளை மொரப்பூர் நிலையத்தில் இறங்கி, பேருந்து பிடித்து ஊர் வந்து சேர்கிறான். தேநீர்க் கடையில் அவனைச் சூழ்ந்துகொண்டு நாம் கேட்கும் முதற்கேள்வி, "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்பதே. இரவில் உறங்கினாயா என்று ஒருவரும் கேட்பதில்லை. அவன் சிரித்து மழுப்பிவிட்டுத் தேநீரைக் குடிக்கிறான்.